பொங்கல் பந்தியில் ஆவுளியா: நீர்வண்ணக் கேள்வி பதில்

தனுஷ்கோடிக் கரையில் ஆவுளியா (கடற்பசு), பேராமை (பச்சைக் கடலாமை), பூநாரை, காக்கை எல்லாம் கூடிப் பொங்கல் விருந்து சாப்பிடுற மாதிரி ஒரு நீர்வண்ணப் படம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு நீங்க கேட்டதுக்குப் பதில்கள்.

அக்கா, ஆவுளியா கரையேறாதே! பந்தியில எப்படி உட்கார வெச்சீங்க? (மண்டபம்)

உட்கார வைக்கலை தம்பி. தாளோட கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணி. அலை தொடுற மணல்ல வாழையிலை, ஆவுளியா தலையை மட்டும் நீட்டுது. அது இலையில பொங்கல் கிடையாது, வேரோட பிடுங்கின கடல்புல்தான். பேராமைக்கும் அதே. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகாலே தண்ணியை வடிகட்டித்தான் தின்னும்; அதுக்கு இலை எதுக்கு? அகல உருளியில தண்ணி ஊத்தி வெச்சாச்சு. எல்லாத்துக்கும் சர்க்கரைப் பொங்கல்னு வரைஞ்சா வாழ்த்து அட்டை ஆயிடும். பொங்கல் காக்கைக்கு மட்டும், அதுவும் முதல் பிடி.

பூநாரைக்கு எந்த ரோஸ்? (தொண்டி)

ஓப்பரா பிங்க் வேண்டாம், வெளிச்சத்துல வெளுத்துடும். பெர்மனன்ட் ரோஸ் போதும். உடம்பு கிட்டத்தட்ட வெள்ளைதான். இறக்கை, கால், அலகுல மட்டும் நிறம் வைங்க.

சாம்பலும் கறுப்பும் என்ன ட்யூப்? (கீழக்கரை)

தனி ட்யூப் இல்லைமா. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தது. தண்ணி கூட்டினா ஆவுளியா, குறைச்சா காக்கை.

மணல் மாதிரி தெரிய ஈர வண்ணத்து மேல உப்புத் தூவினேன். பூப்பூவா வரவே இல்லை, மறுநாளும் பிசுபிசுங்குது. (ஏர்வாடி)

வண்ணம் குளமா நிக்கும்போதே தூவியிருப்பீங்க, உப்பு கரைஞ்சு போயிருக்கும். தாளைக் கண்ணுக்கு நேராப் பிடிச்சுச் சாய்ச்சுப் பாருங்க. ஈரப் பளபளப்பு அடங்க ஆரம்பிக்கிற நேரம்தான் கணக்கு. முழுக்கக் காய்ஞ்சதும் ஒவ்வொரு கல்லாத் தட்டி விட்டுடணும். ஒட்டிக்கிட்டிருக்கிற உப்பு நம்ம கடற்காத்துல உள்ள ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், பிசுபிசுப்பு அதனாலதான். தூரிகை கழுவ உப்புத் தண்ணி எடுத்திருந்தா அதையும் மாத்துங்க. வீட்டுக்கு வர்ற காவிரித் தண்ணியே நல்லது. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளா இருக்கட்டும். நோட்டுத் தாள்ல இந்த வேலையெல்லாம் செஞ்சா சுருண்டுக்கும்.

பானை ஆவிக்கு வெள்ளை பெயின்ட்டா? (ராமேசுவரம்)

இல்லை, தாளோட வெள்ளை. நீல வானம் ஈரமா இருக்கும்போதே டிஷ்யூவைச் சுருட்டி ஒத்தி எடுத்தேன். காய்ஞ்ச பிறகு ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை, ஈரத் தூரிகையாலே மெல்லத் தேய்ச்சு ஒத்துங்க. அல்ட்ராமரைன் ஓரளவு கிளம்பி வந்துடும்.