டர்பன்ல ‘கூலி’ன்னு சொல்லலாமா?

வேலைக்காக தென்னாப்பிரிக்கால இருக்குற டர்பன் போகப்போற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: “கூலி நம்ம தமிழ் வார்த்தைதானே, செஞ்ச வேலைக்கு வாங்குற காசு, அதை அங்க சொன்னா ஏன் சண்டைக்கு வர்றாங்க? வேற எதெல்லாம் சொல்லக்கூடாது?”

அந்த வார்த்தை தமிழ்ல இருந்துதான் இங்கிலீஷுக்குப் போச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாதுங்க, குஜராத் பக்கத்து கோலி ஜனங்க பேர்ல இருந்து வந்துச்சுன்னும் சொல்றாங்க, ரெண்டும் கலந்திருக்கலாம். அதை விடுங்க, அந்த ஊர்ல யார் யாரைப் பார்த்து சொன்னாங்கன்றதுதான் விஷயம். 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து நம்ம ஆளுங்களை ஏத்திட்டு டர்பன் போய் சேர்ந்துச்சு, கரும்புத் தோட்ட வேலை, அஞ்சு வருஷ ஒப்பந்தம், மாசம் 10 ஷில்லிங். கப்பல் லிஸ்ட்ல ஆளுக்கொரு நம்பர், பக்கத்துல அப்பா பேரு, வயசு, சாதி, கிராமம், உடம்புல இருக்குற மச்சம் தழும்பு வரைக்கும். சரி, அதுவரைக்கும் வேலையோட பேருன்னாவது வச்சுக்கலாம். ஆனா 1885ல, இன்னைக்குத் தென்னாப்பிரிக்காவோட சேர்ந்திருக்குற, அப்போ தனி நாடா இருந்த டிரான்ஸ்வால் போட்ட சட்டத்துலயே ஆசியாக்காரங்க யார் யார்னு சொல்ற இடத்துல ‘கூலிகள்’னு எழுதி வச்சாங்க, கடை வச்சிருந்தவரும் கூலி வியாபாரி, 1893ல போன காந்தியும் கூலி பாரிஸ்டர், மூட்டையைத் தொட்டே பார்க்காதவங்களுக்கும் அதே பேருதான். அதனால ஏர்போர்ட்ல போர்ட்டர்னு கேளுங்க. அங்க இருக்குற இந்தியப் பசங்க தங்களுக்குள்ள கிண்டலா சொல்லிப்பாங்க, நீங்க போய் கலந்துக்காதீங்க.

இதைவிட பெரிய ஆபத்து காஃபிர். அரபில நம்பிக்கை இல்லாதவன்னு அர்த்தம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில வியாபாரம் பண்ண அரபிகள்கிட்ட இருந்து போர்ச்சுகீஸ்காரங்க எடுத்துக்கிட்டாங்க, கடைசில தென்னாப்பிரிக்கால கருப்பின மக்களைத் திட்டுற வார்த்தையா ஆயிடுச்சு. அங்க இதை முழுசா உச்சரிக்கவே மாட்டாங்க, கே-வேர்டுன்னுதான் சொல்வாங்க. போலீஸ்காரங்களைப் பார்த்து 48 தடவை சொன்ன ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு 2018ல மூணு வருஷம் தண்டனை, அதுல ஒரு வருஷம் நிறுத்திவச்சாங்க. ஈழத்தமிழர்ல சிலர் சர்வசாதாரணமா சொல்ற ‘காப்பிலி’யும் இதே வேர்தான், நமக்கு சம்பந்தமில்லைன்னு நினைச்சுக்க வேண்டாம்.

தாய்லாந்து சாப்பாட்டுக்குப் போடுற, ‘காஃபிர் லைம்’னு இதே வார்த்தையை வச்சுச் சொல்ற எலுமிச்சை இலையையும் கடையில மக்ரூட் லைம்னு கேளுங்க, கிடைக்கும்.