இருட்டான எட்சிங் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஆங்கில ஓவியர் சாமுவேல் பாமரின் ‘தனித்த கோபுரம்’ என்ற எட்சிங் ஓவியத்தைப் பார்த்தேன். கோடுகளும் இருட்டும்தான் தெரிகின்றன. இதன் அமைதியை எல்லோரும் வியக்கிறார்களே, எனக்கு ஏன் பிடிபடவில்லை?

பதில்: கோடுகளைச் சற்று மறந்துவிட்டு, மை படாத இடங்களை முதலில் தேடுங்கள். எட்சிங்கில் வெளிச்சத்தைத் தனியாகத் தீட்ட வழியில்லை. செப்புத் தகட்டின் மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பரப்பி, அதில் ஊசியால் கீறி, தகட்டை அமிலத்தில் இறக்கினால், கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான், ஈரத்தாளை வைத்து அழுத்தும்போது கோடாகப் பதிகிறது. ஆகவே, அடிவானத்தில் தெரியும் மெல்லிய பிறை என்பது ஓவியர் ஊசி படாமல் காத்துவைத்த வெறும் தாள்தான்.

இப்போது பள்ளத்தாக்கின் இருட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று பலமுறை வெட்டிச் செல்கின்றன. ஆனாலும் அவற்றின் இடுக்குகளில் கடுகினும் சிறிய வெண்புள்ளிகள் எஞ்சியிருக்கும். இவற்றைப் பாமரே ஒளி நிறைந்த குட்டிக் கண்கள் என்ற பொருளில் குறிப்பிட்டிருக்கிறார். ஒட்டுமொத்தமாக மை பூசிய கருமை கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். இந்தக் கருமையோ கண்ணை உள்ளே அழைத்துப்போகிறது. ஓவியத்தின் அமைதி இதில்தான் பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மென்மையாக இருக்க வேண்டிய பகுதிகளைச் சிறிது நேரமே அரிக்கவிட்டு, பிறகு வார்னிஷ் பூசி மறைத்து, ஆழமாக வேண்டியவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் அமிலத்தில் இறக்குவார்கள். தொலைவும் அண்மையும் இப்படி அமிலத்தில் கிடந்த நேரத்தாலேயே உருவாகின்றன.

அதன் பிறகு உருவங்களுக்கு வாருங்கள்: கோபுரச் சாளரத்தில் ஒரு விளக்கு, பள்ளத்தாக்கின் மேல் பறக்கும் ஆந்தை, மாட்டு வண்டி, தரையில் சாய்ந்தபடி அண்ணாந்து பார்க்கும் இரண்டு இடையர்கள். விளக்கருகே விழித்திருப்பவரை மட்டும் பாமர் காட்டவில்லை. அதனால் அந்த இடையர்களோடு சேர்ந்து நாமும் அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நள்ளிரவில் உயர்ந்த கோபுரத்தில் விளக்கெரிய, சப்தரிஷி மண்டலம் மறைந்தாலும் கண் அயராமல் கற்க விரும்பும் ஒருவரை ஆங்கிலக் கவிஞர் மில்டன் ‘இல் பென்சரோசோ’ கவிதையில் பாடியிருக்கிறார். ஓவியத்தின் வித்து அந்த வரிகளே. கவிதை தெரியாதவருக்கும் ஓவியம் பேசும். 1805-இல் பிறந்த பாமர், 1879-இல், எழுபது வயதைக் கடந்த பிறகு இதை முடித்தார்.

கேள்வி: ஒரே தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகள் வேறுவேறாகத் தெரிவது ஏன்?

பதில்: அச்சிடுபவர் மையைத் துடைக்கும் விதத்தால்தான். பள்ளங்களில் மட்டும் மை தங்கும்படி தகட்டின் மேற்பரப்பை முழுக்கத் துடைத்தால் தாள் பளிச்சென்று வரும். மெல்லிய மைப்படலத்தை விட்டுவைத்தால் வானமே மங்கும். பாமர் இந்த ஓவியத்தை முடித்த அதே காலத்தில், 1879–80-இல், வெனிஸில் இருந்த அமெரிக்க ஓவியர் விஸ்லர் இந்தப் படலத்தையே முதன்மைக் கருவியாக்கினார். அவருடைய ‘நாக்டர்ன்’ (இரவுக் காட்சி) என்ற எட்சிங் ஓவியத்தில் கோடுகள் மிகச் சொற்பம். நீரும் மூட்டமும் பெரும்பாலும் துடைப்பில் வந்தவை. அதனால் ஒரு பிரதியில் அந்தி போலவும் இன்னொன்றில் நடுநிசி போலவும் தோன்றும்.