ரெப்போ இறங்கியது, என் தவணை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் சின்ன ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். நாடு வேகமாக வளர்கிறது, ரெப்போ வட்டி இறங்கிவிட்டது, ஜிஎஸ்டியைக் குறைத்துவிட்டார்கள் என்கிறார்கள். என் தவணை ஒரு ரூபாய் குறையவில்லை, கல்லாவும் கூடவில்லை. பத்து லட்சம் கடன் வாங்கி மாடியிலும் கடை போடலாமா?

பதில்: வளர்ச்சிக் கணக்கை மட்டும் நம்பி மாடி ஏறாதீர்கள். அது நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகை. அதில் உங்கள் கல்லாவுக்கு எந்த வழியாக எவ்வளவு வருகிறது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கடன் பத்திரத்தை எடுங்கள். ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. 2025 பிப்ரவரி தொடங்கி டிசம்பருக்குள் அதை 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறக்கினார்கள். பத்து லட்சம் நிலுவை இருந்து முழுக் குறைப்பும் கிடைத்தால் வருடம் சுமார் 12,500 ரூபாய் மிச்சம். 2019 அக்டோபருக்குப் பிறகு குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் தந்த மாறும் வட்டிக் கடன்களில் இந்தக் குறைப்பு தானாக வந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய கடனா? பழைய வட்டி முறையிலேயே கிடக்கலாம். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். சில சமயம் தவணையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைத்திருப்பார்கள், ஸ்டேட்மென்ட்டில் தெரியும். நிதி நிறுவனத்தில் நிலையான வட்டிக்கு வாங்கியிருந்தால் ரெப்போ எங்கே போனாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை.

பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று இலக்கு வைப்பது மத்திய அரசு. ரெப்போ வட்டியை முடிவு செய்யும் ஆறு பேர் குழுவில் மூவரை நியமிப்பதும் அதுதான். விலைவாசி ஏறும்போது அந்தக் குழு வட்டியை இறக்கத் தயங்கும். 2023 பிப்ரவரி முதல் இரண்டு வருடம் ரெப்போ அசையாமல் நின்றதில் காய்கறி, பருப்பு விலைக்குப் பெரிய பங்கு உண்டு. பரவை மார்க்கெட்டில் தக்காளி விலை கேட்டு அலுத்துக்கொள்கிறோமே, அதே விலைதான் நம் கடன் வட்டியையும் பிடித்து வைத்திருந்தது.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். பருத்திச் சேலை தைக்காத துணி; முன்பும் 5 சதவீதம், இப்போதும் 5. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயிரத்துக்கு மேல் 2,500 வரையிலான ரெடிமேடுக்குத்தான் 12 சதவீதம் 5 ஆனது. அதற்கு மேல் விலை என்றால் 18, அதாவது ஏறிவிட்டது. சுங்குடி அதிகம் விற்கும் கடைக்கு இது பெரிய செய்தியே இல்லை.

கல்லா கூடாததற்குக் காரணம் வாங்குகிறவர் கையில் இருக்கிறது. நாட்டில் வேலை செய்வோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் விவசாயத்தில். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் உங்கள் வாடிக்கை என்றால், டெல்லிப் புள்ளிவிவரத்தைவிட மேலூர் ஒருபோகச் சாகுபடிக்கு வைகை அணை திறந்ததா, நெல் கொள்முதல் பணமும் நூறு நாள் வேலைக் கூலியும் நேரத்துக்கு வந்ததா என்பதுதான் உங்களுக்குக் கணக்கு. மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் என்றால் நிலைமை வேறு. இரண்டு தீபாவளி பில் புத்தகங்களை ஒப்பிட்டாலே யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பிடிபடும்.

என் யோசனை: இருக்கிற கடனை முதலில் ரெப்போவோடு இணைந்த வங்கிக் கடனாக மாற்றுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று பத்திரத்தில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மாடிக்குப் பதில் இரண்டு லட்சத்துக்குக் கூடுதல் சரக்கு போட்டு ஒரு முகூர்த்த சீசனைப் பாருங்கள். அது தேங்காமல் ஓடினால் மீதிக் கடனைப் பற்றிப் பேசலாம்.