ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றில் ஊசி எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஒரு ஊசி போட வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் தொடர வேண்டும் என்கிறார்கள். ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார். நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் அப்பா ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். அதுவே போதாதா? காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டால் ஊசியே வேண்டாம் என்று அதை விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: ஊசி தேவை. உங்கள் அப்பாவுக்கு ஆஸ்பிரினை மட்டும் நம்பியிருக்கச் சொல்ல மாட்டேன். ஸ்டாக்கிங்ஸ் விற்பவர் சொன்னது தவறு.

காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் மேலே ஏறுவதற்கு நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தித் தள்ள வேண்டும். படுத்துவிட்டால் அந்தத் தள்ளல் நின்று ரத்தம் தேங்குகிறது. அதோடு ரத்தக் குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே சீக்கிரம் உறையும் நிலைக்குப் போவது என்று இன்னும் இரண்டு சேரும். ருடால்ஃப் விர்கோ என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் மருத்துவ மாணவர்கள் படிக்கும் மூன்று காரணங்கள் இவைதான். இடுப்பு மூட்டு ஆபரேஷனில் மூன்றும் ஒரே நாளில் ஒன்றுசேர்கின்றன. தடுப்பு மருந்து வழக்கத்துக்கு வராத காலத்தில், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் சிரைகளைப் படமெடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காலில் உறைவு இருந்தது. பெரும்பாலும் வலியோ வீக்கமோ இல்லாமல்தான். அப்படி ஒரு உறைவு பிய்த்துக்கொண்டு நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த அபாயம் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அன்று முடிந்துவிடுவதில்லை. இப்போதெல்லாம் சில நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அறிகுறியோடு வரும் உறைவுகளில் பெரும்பங்கு அதற்குப் பிறகுதான் தெரிய வருகிறது. அதனால்தான் இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு மருந்தை 35 நாள் வரை நீட்டிக்கிறோம். முழங்கால் மூட்டுக்குப் பொதுவாக இரண்டு வாரம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். வழக்கமாகப் போடும் தடுப்பு ஊசி எனாக்ஸாபாரின், நாளுக்கு 40 மில்லிகிராம். ஏற்கெனவே உறைவு வந்துவிட்ட 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதே மருந்தைச் சிகிச்சையாகக் கொடுத்தால் நாளுக்கு 140 மில்லிகிராம் ஆகும். அப்பாவுக்குத் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஊசி போட்ட இடத்தில் நீலம் பாய்வது சகஜம், பயப்பட வேண்டாம். கறுப்பாக மலம் போவது, கட்டு நனைய நனைய ரத்தம் கசிவது இரண்டும் சகஜமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பிரினும் இந்த ஊசியும் வேறு வேறு இடத்தில் வேலை செய்கின்றன. ஸ்டென்ட் இருக்கும் தமனியில் உறைவு தொடங்குவது ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டிக்கொள்வதால். ஆஸ்பிரின் அதைத் தடுக்கிறது. காலின் சிரையில் தேங்கிய ரத்தம் உறைவது முக்கியமாக ரத்தத்தில் உள்ள உறைதல் புரதங்களால். அவற்றை அடக்குவது ஊசி. ஆஸ்பிரின் சிரையில் கொஞ்சம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. சில நாள் வீரியமான மருந்து கொடுத்துவிட்டு ஆஸ்பிரினுக்கு மாற்றும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலிருந்தே ஆஸ்பிரின் மட்டும் என்றால் கதை வேறு. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2022ல் வெளியான பெரிய ஆய்வில், 90 நாளுக்குள் அறிகுறியோடு உறைவு வந்தவர்கள் ஆஸ்பிரின் குழுவில் 3.45 சதவீதம், எனாக்ஸாபாரின் குழுவில் 1.82 சதவீதம். அப்புறம், ஊசி போடுகிறோமே என்று ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் இருப்பதால் அது இதய மருத்துவரும் ஆபரேஷன் செய்பவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் குழப்பம் நடக்கிறது. உங்கள் அப்பா சாப்பிடுவது ஆஸ்பிரின். இதைப் படிக்கும் வேறொருவரின் அப்பா இதயத் துடிப்புக் கோளாறுக்காக அபிக்ஸாபன் அல்லது ரிவரோக்ஸாபன் சாப்பிடலாம், செயற்கை வால்வுக்காக வார்ஃபரின் சாப்பிடலாம். இவை உறைதலையே தடுக்கும் மாத்திரைகள். ஆபரேஷனுக்கு முன் முதல் இரண்டையும் வழக்கமாக இரண்டு நாளும், வார்ஃபரினை ஐந்து நாளும் நிறுத்திவைப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் முன்னதாகவே. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களுக்குத் தடுப்பு ஊசி, ரத்தக் கசிவு அடங்கியதும் மறுபடி மாத்திரை. அபிக்ஸாபன், ரிவரோக்ஸாபன் முழு அளவில் தொடங்கிய அன்றே ஊசி நிற்க வேண்டும். வார்ஃபரின் அப்படி இல்லை. அது வேலை செய்யத் தொடங்கவே சில நாள் ஆகும் என்பதால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை இலக்கைத் தொடும் வரை ஊசியும் கூடவே போக வேண்டும்.

இதெல்லாம் எந்த மருத்துவருக்கும் தெரியாததல்ல. ஆனால் மாத்திரையை எழுதுவது ஒருவர், ஊசியை எழுதுவது இன்னொருவர், டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்வது மூன்றாவது ஆள். இரண்டும் ஒரே தாளில் வந்துவிட, இரண்டையும் ஒழுங்காக எடுத்துக்கொண்டு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து திரும்பி வருகிறார்கள். அல்லது ஒருவர் எழுதியிருப்பார் என்று இன்னொருவர் விட்டுவிட, எதுவுமே இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். 'கடைசி ஊசி இந்தத் தேதியில்' என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும். பல சம்மரிகளில் அந்த வரி இல்லை, அது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அந்த வரியை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். வார்டில் இருக்கும்போதும் ஒரு நாள் ஊசி வரவில்லை என்றால், தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காமல் கேளுங்கள். மருந்துச் சீட்டில் இருந்தும் போடாமல் விட்டுப்போகும் ஊசிகள் நிறைய.

சரி, ஸ்டாக்கிங்ஸ். படுக்கைக்கே வந்து விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நோயாளியின் காலை அளந்தீர்களா? பாதத்தில் நாடி பார்த்தீர்களா? சர்க்கரை நோயாலோ புகைப்பழக்கத்தாலோ காலின் தமனிகள் சுருங்கியிருந்தால், இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் தோலையே சாகடித்துவிடும். அளவு தவறி முழங்காலுக்குக் கீழே சுருண்டு நின்றாலோ, அது ரத்தத்தை மேலே விடாமல் கட்டிப்போடும் கயிறு. பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2009ல் வெளியான பெரிய ஆய்வில், தொடை வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் உறைவைக் குறைக்கவில்லை. தோல் புண்கள்தான் கூடின. உங்கள் மருத்துவர் ஊசியோடு சேர்த்துப் போடச் சொன்னால் போடுங்கள், தினமும் கழற்றித் தோலைப் பாருங்கள். காற்றடைத்து, விட்டு விட்டுக் காலை அழுத்தும் பம்ப் வேறு. ரத்தக் கசிவால் மருந்து தர முடியாதவர்களுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

இன்னும் இரண்டு பேர் வருவார்கள். 'உறைவு இருக்கிறதா என்று டி-டைமர் பார்த்துவிடலாம்' என்று பரிசோதனை விற்பவர் ஒருவர். உறைவு கரையும்போது ரத்தத்தில் வரும் துணுக்கை அளக்கும் பரிசோதனை அது. ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் டி-டைமர் எல்லோருக்குமே கூடித்தான் இருக்கும். காசும் போய் பயமும் வரும். அறிகுறி இருந்தால் தேவை, சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். வீங்கிய காலை எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வருபவர் மற்றவர். அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். உள்ளே உறைவு இருந்தால் நீவுவது அதை நகர்த்திவிடும். ரத்தத்தை மெலிதாக்கும் இயற்கைப் பொடி, மாத்திரை எதையும் ஊசியோடு சேர்க்க வேண்டாம்.

ஊசி போடக் கற்றுக்கொள்வது சுலபம். தொப்புளிலிருந்து மூன்று விரல் அகலமாவது தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக முழுவதும் இறக்க வேண்டும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் உள்ள சின்னக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டாம். போட்ட பிறகு தேய்க்கக் கூடாது. இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம், ஆனால் இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது. நடக்கச் சொன்ன நாளிலிருந்து அப்பா நடக்கட்டும். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். நடக்கிறாரே என்று ஊசியை நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷன் நடந்து மூன்று மாதம் வரை கவனமாக இருங்கள். ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கி வலித்தால் அன்றைக்கே டாப்ளர். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயுத்தொல்லை என்று யாரும் தள்ளிவிடாதபடி, இடுப்பு ஆபரேஷன் எந்தத் தேதியில் நடந்தது, கடைசி ஊசி எப்போது போட்டது என்ற இரண்டையும் அங்கே முதலில் சொல்லுங்கள்.