சொல் வராத கோபம்

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவர் தண்ணீர் கேட்க நினைத்து 'சாவி' என்கிறார். எனக்குப் புரியாவிட்டால் டம்ளரை வீசுகிறார்; பிறகு அழுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, அம்மா. அடிபட்டது மூளையில் மொழியைக் கையாளும் பகுதி. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா பரிசோதித்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓரசைதான் வரும். பிறர் பேசுவது பெரும்பாலும் புரியும். தான் சொல்வது புரியாதபோது அவரும் சீறினார். என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வந்த நெசவாளர் ஒருவர், மகள் பெயர் வராமல் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை.

தொலைக்காட்சியை அணையுங்கள். செம்பைக் காட்டி, "தண்ணீரா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், அவசரப்பட்டு நீங்களே சொல்லி முடிக்காதீர்கள். தூக்கம், பசி கெட்டு இரண்டு வாரமாக முகம் வாடியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.