கல்பாக்கம் பயம்: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

கேள்வி: கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது. மாமியாருக்கு 68 வயது, தைராய்டு கட்டி உண்டு. 2011-இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து மாதிரி கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் நடந்தால் என்ன செய்வது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. 'கதிர்வீச்சுப் பாதுகாப்பு கிட்' என்று ஒருவர் அயோடின் மாத்திரை கொடுத்து, குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? வீட்டையே விற்றுவிடலாமா?

பதில்: கிட் வாங்க வேண்டாம் அம்மா. வீட்டையும் விற்க வேண்டாம்.

விபத்தில் வெளியேறும் கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் போய்த் தங்கும். முன்கூட்டியே நல்ல அயோடினை மாத்திரையாகக் கொடுத்தால், சீட்டெல்லாம் நிரம்பிய பஸ் மாதிரி, அடுத்து வருவதற்கு இடம் இருக்காது. மாத்திரையின் வேலை இவ்வளவுதான். சீசியம் போன்ற மற்ற கதிரியக்கப் பொருட்களை அது தடுக்காது. சாப்பிடும் நேரமும் முக்கியம்: கதிரியக்கக் காற்று வருவதற்குச் சற்று முன்போ, வந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டால்தான் முழுப் பலன். ஒரு நாள் கழித்துச் சாப்பிட்டால் கெடுதலே அதிகம். காற்று எப்போது வரும் என்று கிட் விற்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அரசு அறிவித்த பிறகே சாப்பிட வேண்டும் என்கிறோம்.

பயத்தில் உப்பை அள்ளித் தின்பவர்களும் உண்டு. 2011-இல் புகுஷிமா விபத்துச் செய்தி வந்ததும் சீனாவில் கடைகளில் உப்பே தீர்ந்துபோனது. அயோடின் உப்பு ஒரு கிலோவில் இருக்கும் அயோடின் 15 மில்லிகிராமை ஒட்டித்தான். பெரியவர்களுக்கான ஒரு வேளை மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம். அதற்கு ஆறு கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும்! காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினை வாயில் வைக்கவே கூடாது, அது விஷம்.

உங்கள் மாமியார் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரை முதலில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உரியது. 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. அதிலும் தைராய்டு கட்டி உள்ள வயதானவர்களுக்குத் திடீரென்று இவ்வளவு அயோடின் உள்ளே போனால் தைராய்டு தாறுமாறாகச் சுரந்து இதயத் துடிப்பு எகிறலாம். கிட்டில் 'குடும்பத்தில் எல்லோருக்கும் ஒன்று' என்று எழுதியிருந்தாலும் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்குப் பார்க்கும் தைராய்டு மருத்துவரிடம் இதை இப்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள்.

பையனுக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது பால். 1986-இல் அணு உலை வெடித்த செர்னோபிலைச் சுற்றிக் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்கு முக்கியக் காரணம், கதிரியக்கம் படிந்த புல்லை மேய்ந்த மாட்டின் பால். குடிக்காதே என்று நேரத்தோடு சொல்ல ஆளில்லை. பக்கத்தில் போலந்து மூன்றே நாளில் விழித்துக்கொண்டு சுமார் ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் கொடுத்தது.

இப்போது வீடு. கல்பாக்கத்திலிருந்து கேளம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 25 கி.மீ. நம் நாட்டில் அவசரத் திட்டம் போடுவது 16 கி.மீ. வரைக்கும். அதைத் தாண்டினால் ஒன்றும் வராது என்று அர்த்தமில்லை. புகுஷிமாவிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருந்த இட்டாடே கிராமத்தையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. விபத்து மார்ச் 11, அந்த ஊரைக் காலி செய்யச் சொன்னது ஏப்ரல் 22. இன்னொரு பக்கம், பக்கத்து மருத்துவமனைகளில் இருந்த முதியவர்களை அவசர அவசரமாக பஸ்ஸில் ஏற்றி அலைக்கழித்ததிலேயே பலர் இறந்தார்கள். செய்தி வந்ததும் மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓ.எம்.ஆர். நெரிசலில் போய் நிற்காதீர்கள். ஜன்னலைச் சாத்துங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள், உள்ளேயே இருந்து அறிவிப்பைக் கேளுங்கள்.

இந்தப் பயத்தை வைத்துத்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். விற்பவரிடம் 'கல்பாக்கம் பக்கம், எவன் வாங்குவான்' என்று விலையை அடிப்பார்கள். அதே மனையை வாங்குபவரிடம் 'பெரிய திட்டம் வருது, விலை ஏறும்' என்பார்கள். நிலையத்தைச் சுற்றி சுமார் 5 கி.மீ.க்குள் மக்கள்தொகையைப் பெருக்கும் புதுத் திட்டங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் பக்கம் யாராவது லேஅவுட் காட்டினால், டி.டி.சி.பி. அப்ரூவலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2004 சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தும் ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். புகுஷிமாவிலும் உலைகள் நின்றன. ஆனால் நின்ற உலையும் சூடாகவே இருக்கும், அதைக் குளிர்விக்க கரண்ட் வேண்டும். அங்கே கரண்ட் போனதும் கைகொடுக்க வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் கீழ்த்தளத்தில் இருந்ததால் சுனாமி நீரில் மூழ்கிப்போயின. அதன்பின் பல நாடுகளில் ஜெனரேட்டரை மேலே ஏற்றினார்கள், வெளியிலிருந்து தண்ணீர் செலுத்த வழி செய்தார்கள். இயந்திரத்துக்குப் பாடம் படித்தாயிற்று. மக்களுக்குச் சொல்லும் பாடத்தைத்தான் இன்னும் யாரும் படிக்கவில்லை. ஒத்திகை நடக்கிறது, போட்டோ வருகிறது, அறிக்கை போகிறது. உங்களைப் போன்றவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல், கிட் விற்பவன் வந்து பாடம் நடத்துகிறான். புது உலைகள் கட்டுவதைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள், தமிழில் இரண்டு பக்க நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுக்கக் கூடாதா?

அதுவரை உங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகி ஒருவர் தன் பெயரில் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடட்டும். கட்டணம் பத்து ரூபாய். மூன்றே கேள்வி: அயோடின் மாத்திரை எங்கே இருப்பு இருக்கிறது, எங்கள் பகுதிக்கு அதைக் கொண்டுவந்து தருவது யார், பாலையும் தண்ணீரையும் பரிசோதித்து அறிவிப்பது யார். எழுத்தில் வரும் பதிலை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.