பூனைக்குக் கருத்தடை செய்த பிறகு வலி மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பூனை மீனுவுக்கு எட்டு மாதம். நேற்று முன்தினம் கருத்தடை ஆபரேஷன் செய்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, வைப்பதில் பாதிதான் சாப்பிடுகிறது. தையலை நக்கிக்கொண்டே இருக்கிறது. தையலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலிக்குக் கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா? மாமியார் மஞ்சள் பூசச் சொல்கிறார். வீட்டில் இருக்கும் இன்னொரு பூனை வேறு இதைப் பார்த்துச் சீறுகிறது.

பதில்: முதலில் அந்த மாத்திரையை எடுத்து உள்ளே வையுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கால் மாத்திரையும் ஆபத்துதான், ஒரு முழு மாத்திரை உயிரையே எடுத்துவிடும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாக மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இப்யூபுரோஃபன், ஆஸ்பிரின் போன்ற மற்ற மனித வலி மாத்திரைகளும் வேண்டாம். வலி இருப்பதாகத் தோன்றினால் ஆபரேஷன் செய்த மருத்துவருக்கு போன் செய்யுங்கள். பூனைக்கென்று உள்ள வலி மருந்தை எடைக்கு ஏற்ப அவரே சொல்வார். அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

மஞ்சளும் வேண்டாம். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் பொடி தையலில் ஒட்டிக்கொண்டு உறுத்தும், பூனை இன்னும் அதிகமாக நக்கும். அதோடு மஞ்சள் நிறத்தின் மேல் சீழ் வந்தாலும் சிவந்திருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. டெட்டால் இதைவிட மோசம், அது பூனைக்கு நச்சு. தையலை உலர்வாக விடுங்கள், அது போதும்.

நக்குவதைத்தான் உடனே நிறுத்த வேண்டும். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. நீங்கள் தூங்கும் நேரத்தில் தையலைப் பிரித்துவிடும். வாய் தையலுக்கு எட்டாதபடி தடுக்கும் கூம்பை (மருத்துவர்கள் தரும் கழுத்துப்பட்டை) கழுத்தில் மாட்டுங்கள். முதல் நாள் பின்பக்கமாகவே நடக்கும், சுவரில் முட்டும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். அதற்காகக் கழற்றிவிடாதீர்கள். சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கழற்றலாம். கூம்பு ஒத்தே வராவிட்டால் பழைய டி-ஷர்ட்டின் கையை வெட்டி, நான்கு கால்களுக்கும் ஓட்டை போட்டுச் சட்டையாக மாட்டிவிடலாம். ஈரமானால் மாற்றிவிடுங்கள்.

கட்டியைப் பற்றி: உள்தையல் போட்ட இடத்தில் திசு தடித்து இப்படிச் சிறிய வீக்கம் வருவது சகஜம். சில வாரங்களில் தானே கரையும். அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் போனில் படம் எடுத்து வைத்தால் பெரிதாகிறதா என்று தெரிந்துவிடும். பெரிதானாலோ, சூடாக இருந்தாலோ, மெத்தென்று புடைத்து உள்ளே போய்ப் போய் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது உள்தசைத் தையல் விட்டுப்போனதாக இருக்கலாம்.

பாதிச் சாப்பாடு இரண்டு நாள் வரை பரவாயில்லை. உப்புப் போடாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ வெதுவெதுப்பாகக் கொடுங்கள், வாசனைக்கே எழுந்து வரும். பால் வேண்டாம், நிறையப் பூனைகளுக்கு வயிற்றால் போகும். ஆனால் 24 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் பேசாமல் இருக்காதீர்கள். நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றாலும் கேளுங்கள். மலம் இரண்டு மூன்று நாள் தாமதமாகலாம், அதற்குக் கவலை வேண்டாம்.

ஈறு வெளுத்து, காது சில்லிட்டு, துவண்டு படுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். தையலில் ரத்தம் சொட்டினாலோ, புண்ணின் வாய் பிளந்தாலோ, சீழ் வந்து நாறினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

கட்டிலுக்கடியில் பதுங்குவது பூனையின் சுபாவம். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். எனக்குப் பயம் அதுவல்ல. நாலாவது, ஐந்தாவது நாளில் மீனு பழையபடி பீரோ மேல் தாவப் பார்க்கும், நீங்களும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவீர்கள். வெளியே தோல் கூடியிருந்தாலும் உள்ளே தசை கூட இரண்டு வாரம் வேண்டும். அதுவரை ஏறிக் குதிக்க எதுவும் இல்லாத சிறிய அறையில் வையுங்கள். வெளியே விடவே வேண்டாம். ஆபரேஷன் முடிந்தும் சில நாட்களுக்கு ஆண் பூனைகள் தேடி வரலாம். மலசலம் கழிக்கும் தட்டில் போடும் மணல் தையலில் ஒட்டினால் அதற்குப் பதிலாகச் செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம்.

இன்னொரு பூனை சீறுவது ஆஸ்பத்திரி வாசனைக்குத்தான். சில நாள் தனித்தனியாக வைத்து, இரண்டும் படுக்கும் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். பெரும்பாலும் அதுவே சமாதானமாகிவிடும்.

வெளித்தையலாக இருந்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் பிரிப்பார்கள். கரையும் தையல் என்றால் பிரிக்கத் தேவையில்லை, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை குளிப்பாட்ட வேண்டாம். அப்புறம் சாப்பாட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முக்கால் பங்குவரை கொண்டுவர வேண்டியிருக்கும், ஏனென்றால் கருத்தடைக்குப் பின் பூனைக்குப் பசி கூடும், தேவை குறையும். மீனு இன்னும் வளரும் வயது என்பதால், மாதம் ஒருமுறை எடை பார்த்து அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.